கையொப்பம் எல்லை தாண்ட வேண்டும்

(சேலத்தில் தொழிலாளத் தோழர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும், உங்களிலே சிலர் முகத்தில் புன்னகை அரும்பக் கண்டேன். "அரிசி விலை பற்றிப் பேசுவார், மின்கட்டணம் பற்றிப் பேசுவார் என்று வந்தோம், இவர் ஆகாயத்தைப் பற்றி அளக்கப் போகிறாரே!" என்று எண்ணியிருப்பீர்கள். நான் பேசப் போவது ஆகாயத்தைப் பற்றியல்ல. தரையிலே நின்று, கையிலே ஸ்பேனர் பிடித்து, வேலை முடிந்ததும் தாளிலே ஒரு கையொப்பம் இடுகிறானே, அந்தத் தொழிலாளியைப் பற்றி. அவனுடைய கையொப்பத்துக்கு உலகச் சந்தையில் என்ன மதிப்பு, அந்த மதிப்பை யார் தருகிறார்கள், யார் தடுக்கிறார்கள் என்பதைப் பற்றி.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி புறப்படுகிறது. நாமக்கல்லிலேயே பாடி கட்டப்பட்ட லாரி. எஃப்.சி. காட்டி, நேஷனல் பர்மிட் வாங்கி, ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். ஆந்திரம் தாண்டுகிறார், மராட்டியம் தாண்டுகிறார், காஷ்மீரம் வரை போகிறார். வழியிலே சோதனை உண்டு, சில்லறைத் தொல்லை உண்டு. அதையெல்லாம் உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்? ஆனால், "உன் ஊர் எஃப்.சி. எங்கள் ஊரில் செல்லாது, வண்டியை மறுபடி பிரித்துக் காட்டு" என்று எந்த மாநிலமும் சொல்வதில்லை. ஓர் இடத்திலே தரப்பட்ட சான்று நாடு முழுவதும் செல்கிறது.

அதே நாமக்கல்லிலிருந்து முட்டை கடல் கடந்து போகிறது. அங்கே கதை வேறு. வாங்குகிற நாடு சோதனை கேட்கும், எடை கேட்கும், அனுமதிச் சீட்டு கேட்கும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஓமன் நாடு இறக்குமதி அனுமதியை நிறுத்தி வைத்தபோதும், கத்தார் எடை பற்றிய விதியை மாற்றியபோதும், அனுப்பிய முட்டை துறைமுகத்திலே தேங்கியது. நாமக்கல் பண்ணைகளிலே கவலை தேங்கியது. எங்கோ ஓர் அலுவலகத்தில் மாறிய விதி, இங்கே கோழிப்பண்ணைக் கூலிக்காரரின் அடுப்பைத் தொட்டது.

லாரியின் கதையையும் முட்டையின் கதையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விமானத்தைப் பழுதுபார்க்கும் பட்டறையின் நிலை விளங்கிவிடும். அது பார்ப்பது வண்டி வேலை. ஆனால் அதற்குக் கிடைப்பது முட்டையின் விதி!

ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அது எந்த நாட்டிலே பதிவானது என்பதைக் காட்டும் எழுத்து இருக்கும். இந்திய விமானத்துக்கு வி.டி., அமெரிக்க விமானத்துக்கு என், அயர்லாந்து விமானத்துக்கு ஈ.ஐ. 1944 டிசம்பர் 7-ஆம் நாள் சிகாகோ நகரில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் எழுந்த ஏற்பாடு இது. எந்த நாட்டில் விமானம் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடுதான் அது பறக்கத் தகுதியுடையதா என்று சொல்லும் பொறுப்பை ஏற்கிறது. ஆகவே, அமெரிக்க விமானம் ஒன்று உலகின் எந்த மூலையில் பழுதுபார்க்கப்பட்டாலும், அந்தப் பட்டறைக்கு அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வின் சான்றோ, அந்நாடு ஏற்கும் வேறு ஏற்பாடோ வேண்டும். ஐரோப்பிய விமானமானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை, அதாவது ஈயாசாவின் சான்று. இந்திய விமானமானால் டில்லியிலுள்ள டி.ஜி.சி.ஏ.வின் சான்று. வேடிக்கை என்னவென்றால், மூன்று இடத்திலும் இந்த விதிக்கு 145 என்றே பெயர்! எண் ஒன்று, எழுத்து வேறு, ஏடு வேறு, தணிக்கைக்கு வரும் அதிகாரி வேறு.

"நமக்கு இந்திய விமானம் போதும், இந்தியச் சான்று போதும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடலாமா? முடியாது. இந்திய நிறுவனங்கள் ஓட்டும் விமானங்களிலே பெரும்பாலானவை குத்தகைக்கு வாங்கியவை. குத்தகை கொடுத்தவர் அயர்லாந்திலே இருப்பார். ஆண்டு பல ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் நாளிலே, "எந்தப் பட்டறையில் வேலை நடந்தது? அவர்களிடம் ஐரோப்பியச் சான்று உண்டா? அமெரிக்கச் சான்று உண்டா?" என்று ஏட்டைப் புரட்டுவார். ஏடு சரியில்லையென்றால் விமானத்தின் விலை சரிந்துவிடும். ஆகவே வெளிநாட்டு விதி நம் வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. நம் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பீர்கள். ஓசூருக்குப் போய்ப் பாருங்கள். 1965-இல் தர்மபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் பழைய சேலம் மாவட்டத்தோடு இருந்த பகுதி; நாமக்கல் 1997-இல் பிரிந்ததுபோல் அதுவும் பிரிந்து போன தம்பி வீடு. அங்கே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத்தளம் ஒன்று உண்டு. 1951-இல் தோன்றிய ஏர் ஒர்க்ஸ் என்னும் நிறுவனம் அங்கே கொட்டகை அமைத்து, பயணிகள் விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டு, ஐரோப்பியச் சான்றும் பெற்றுத் தொழில் நடத்தி வந்தது. அந்த நிறுவனத்தை வாங்க அதானி குழுமம் 2024 டிசம்பரில் உடன்பாடு செய்தது. பெருமுதல் வீணாக வந்து கதவைத் தட்டுமா? 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. அத்தனைக்கும் பழுதுபார்க்கும் கை வேண்டும். அந்தக் கை யாருடைய கையாக இருக்கப் போகிறது? இதுதான் கேள்வி.

சேலத்துக்கு இந்தக் கேள்வியிலே பங்கு உண்டு. 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சி ஆகியவற்றோடு சேலமும் ஒரு கண்ணி. இரும்புக்குப் பேர்போன கஞ்சமலை நமது. இயக்கங்கள் குரல் கொடுத்து, 1970-இல் அடிக்கல் கண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்த உருக்காலை நமது. லேத்துப் பட்டறைகள் நமது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை எந்தக் காட்டிலே நின்றாலும் ஓடவைக்கும் மெக்கானிக்குகள் நம்மவர். கமலாபுரத்திலே 1993-இல் திறக்கப்பட்ட விமான நிலையமும் இருக்கிறது. பல்லாண்டுகள் பயணிகள் விமானமின்றிக் கிடந்து, 2018-இல் சேவை வந்து, 2021-இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய நிலையம். அதை விரிவாக்க நிலம் கேட்டபோது 2018-இல் விவசாயிகள் எதிர்த்து நின்றதையும் நாம் மறக்கவில்லை. நிலம் கொடு, ஓடுபாதை நீட்டு, கொட்டகை கட்டு, தொழில் தானே வரும் என்போர் உண்டு. தோழர்களே, நான் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான்: விமானப் பழுதுபார்ப்பிலே மூலதனம் நிலமல்ல, கொட்டகையல்ல, நம்பத்தக்க கையொப்பம்!

அந்தக் கையொப்பத்துக்குப் பின்னே என்ன இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது? வேலைக்கேற்ற இடம், வெளிச்சம், தூசியில்லாத அறை. உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்ட கருவி. ஒரு டார்க் ரெஞ்ச் சோதனைத் தேதி கடந்திருந்தால், அதனால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் ஐயத்துக்குரியது. விமானத்தைச் செய்தவர் வெளியிட்ட குறிப்பேட்டின் இன்றைய பதிப்பு. நேற்றைய பதிப்பு உதவாது. போட்ட உதிரிப்பாகம் எங்கே பிறந்தது, எவர் கைமாறி வந்தது என்று காட்டும் சீட்டு. பயிற்சி பெற்ற ஆள். செய்தவனை விட்டு வேறொருவன் பார்த்துச் சொல்லும் தணிக்கை. இத்தனைக்கும் பிறகே கையொப்பம்.

"ஒரு போல்ட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கத் தோன்றும். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1978 ஜூனில் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு ஜம்போ விமானத்தின் வால் தரையில் உரசியது. விமானத்தைச் செய்த போயிங் நிறுவனத்தின் ஆட்களே கடல் கடந்து வந்து பழுதுபார்த்தனர். பின்புறத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவரை ஒட்டுப்போட்டபோது, இரண்டு வரிசை ரிவெட்டு தாங்க வேண்டிய இடத்தை ஒரே வரிசை தாங்கும்படி விட்டுவிட்டனர். விமானம் ஏழாண்டுகள், 12,000 தடவைக்கும் மேலாகப் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அந்தச் சுவர் பிளந்தது. மலையிலே மோதி 520 பேர் மாண்டனர். நால்வர் மட்டுமே பிழைத்தனர். ஒரு வரிசை ரிவெட்டு, தோழர்களே, ஒரே ஒரு வரிசை! 1989-இல் டென்மார்க்குக் கடற்கரைக்கு அப்பால் நார்வே விமானம் ஒன்று விழுந்து 55 பேர் இறந்தனர். வால்பகுதியைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் போலியானவை என்று விசாரணை கண்டது. இவையெல்லாம் பழங்கதையென்றும் தள்ள முடியாது. பொய்ச் சீட்டோடு எஞ்சின் பாகங்களை லண்டன் நிறுவனமொன்று விற்றிருந்தது 2023-இல்தான் அம்பலமாயிற்று.

ஆகவே, "அமெரிக்க அதிகாரி ஓசூர்க் கொட்டகையை ஏன் சோதிக்க வேண்டும்? இது ஏகாதிபத்தியம் அல்லவா?" என்று எடுத்த எடுப்பிலே முழங்குவது நமக்கு அழகன்று. அந்த விதிகளிலே இரண்டு பகுதி உண்டு. ஒன்று உயிரைக் காப்பது. அதை நாம் கட்டாயத்தால் அல்ல, மனமொப்பி ஏற்க வேண்டும். மற்றொன்று வாசலைக் காப்பது; அதை நாம் எதிர்த்து வாதாட வேண்டும். இரண்டையும் பிரித்தறியாதவன் அரசியல் பேசத் தகுதியற்றவன்.

வாசலைக் காக்கும் பகுதி எது? பிழையொன்று கண்டால் 72 மணி நேரத்தில் தெரிவி என்கிறது ஐரோப்பா; 96 மணி நேரம் என்கிறது அமெரிக்கா. ஏட்டை மூன்றாண்டு வைத்திரு என்கிறது ஒன்று. இரண்டாண்டு என்கிறது மற்றொன்று. இவை சிறு வேற்றுமைகள். கண்டிப்பான விதியைக் கடைப்பிடித்தால் இரண்டும் அடங்கிவிடும். பெரிய சுமை வேறு. வெளிநாட்டுப் பட்டறைக்கு அமெரிக்கா தரும் சான்று முதலில் 12 மாதமே செல்லும். பிறகு அதிகமாகப் போனால் 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க விமானத்துக்கு உன் பட்டறை தேவை என்று காட்ட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். ஒரே கொட்டகை, ஒரே கருவி, ஒரே தொழிலாளி. மூன்று நாட்டுத் தணிக்கை! பெருமுதலாளி தாங்குவான். சேலத்துச் சிறு பட்டறை தாங்குமா?

அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்களுக்குள் என்ன செய்தன? 2011-இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி, ஒருவர் பட்டறையை மற்றவர் பெரும்பாலும் அப்படியே ஏற்கின்றனர். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிறிய சிங்கப்பூரும் அமெரிக்காவுடன் பராமரிப்பு உடன்பாடு கண்டது. இந்தியாவும் அமெரிக்காவும்கூட 2011-இல் விமானப் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. ஆனால் பட்டறைகளைப் பரஸ்பரம் ஏற்கும் நிலை அதிலிருந்து பிறக்கவில்லை. அவர்களுக்குள் நேஷனல் பர்மிட்; நமக்கு மட்டும் ஊருக்கு ஊர் எஃப்.சி.!

ஏன் நம்மை நம்பவில்லை? குற்றம் முழுவதையும் கடலுக்கு அப்பால் தள்ளிவிட முடியாது. 2014 ஜனவரியில் அமெரிக்கா நம் டி.ஜி.சி.ஏ.வையே தரம் தாழ்த்தியது. போதிய தொழில்நுட்ப ஆட்கள் இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆட்களைச் சேர்த்து, குறைகளைக் களைந்து, 2015 ஏப்ரலிலேதான் பழைய தரம் திரும்பியது. பாடம் கற்றார்களா? 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு, அதே டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. சோதிப்பவன் நாற்காலி காலியாக இருக்கும்போது, அவன் தரும் சான்றை உலகம் எப்படி நம்பும்? மத்திய அரசு 18 விழுக்காடாக இருந்த பழுதுபார்ப்பு வரியை 2020 ஏப்ரலில் 5 ஆக்கியது. உதிரிப்பாக இறக்குமதிக்கு 2024 ஜூலையில் ஒரே சீராக 5 விழுக்காடு வைத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வரிச்சலுகை முதலாளியின் செலவைக் குறைக்கும். கையொப்பத்தின் மதிப்பை உயர்த்தாது. அதை உயர்த்தக் காலியிடங்களை நிரப்ப வேண்டும். உடன்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாதாட வேண்டும்.

மாநிலம் செய்ய வேண்டியதும் உண்டு. சேலத்தில் நாளைக்கே ஜம்போ விமானத்துக்குக் கொட்டகை கட்டு என்று நான் கேட்கவில்லை. விமானம் முழுவதையும் கையாளாத பட்டறைக்கும் 145-ஆம் விதியில் இடம் உண்டு. சக்கரம், பிரேக், பேட்டரி, தீயணைப்பு உருளை, இருக்கை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி அனுமதி பெறலாம். சான்று பெற்ற பெரிய நிறுவனத்தின் தர ஏற்பாட்டின்கீழ், அதன் மேற்பார்வையில், சான்றில்லாத சிறு பட்டறை வேலை செய்யவும் வழி இருக்கிறது. சிறியவனால் தனித்து முடியாதது கருவிச் சரிபார்ப்பும் சோதனைக்கூடமும்தான். உலோகத்தை வெட்டாமலே உள்விரிசலைக் காட்டும் சோதனைக் கருவிகளையும், அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்புக் கூடத்தையும் அரசு பொதுவில் அமைத்துத் தரட்டும். நூறு பட்டறை தனித்தனியே தாங்க முடியாத சுமையை ஒரு கூடம் தாங்கும்.

மொழியையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விதி, மேற்பார்வையாளரும் சோதனையாளரும் ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் வல்லவராக இருக்க வேண்டும் என்கிறது. ஏடும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஐ.டி.ஐ. பிள்ளை கையால் அறிந்ததைத் தாளில் எழுதத் தயங்கி நிற்கிறான். அவனுக்கு ஏன், எதற்கு என்பதைத் தமிழிலே விளக்க நூல் வேண்டும். எழுதவேண்டிய சொற்களை ஆங்கிலத்திலே பழக்கப் பயிற்சி வேண்டும். புரிதல் தாய்மொழியில், பதிவு உலகமொழியில். இதிலே ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடித்தால், பாடம் ஒப்பிக்கும் கிளியோ, வேலை தெரிந்தும் வெளியே நிற்கும் ஊமையோதான் கிடைப்பான்.

இறுதியாக உங்களிடம் வருகிறேன். இந்த விதிகள் முதலாளிக்கு மட்டும் உரியன என்று எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 2024 டிசம்பர்வரை மாறிக்கொள்ள அவகாசம் தந்த ஐரோப்பியத் திருத்தம், பட்டறைக்குப் பாதுகாப்பு நிர்வாக முறை வேண்டும் என்கிறது. தன் பிழையைத் தானே முன்வந்து சொல்லும் தொழிலாளியை நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. சிந்தித்துப் பாருங்கள்! நள்ளிரவு ஷிப்டிலே, "காலையில் விமானம் போகவேண்டும், கையெழுத்துப் போடு" என்று மேலாளர் அவசரப்படுத்தும்போது, "வேலை முடியவில்லை, போடமாட்டேன்" என்று சொல்லும் தொழிலாளிக்கு அந்த விதி ஊன்றுகோல். ஆனால் ஊன்றுகோலைப் பிடிக்கக் கை வேண்டும். வேலை நிரந்தரமில்லாத ஒப்பந்தக் கூலியாளாக அவனை வைத்துவிட்டு, அஞ்சாமல் உண்மை பேசு என்றால் எப்படிப் பேசுவான்? தொழிற்சங்கம் இங்கேதான் நிற்க வேண்டும். கூலிக்கு மட்டுமல்ல, கையொப்பம் மறுக்கும் உரிமைக்கும் போராட வேண்டும்.

புதிய சிக்கல்களும் வருகின்றன. அமெரிக்க விமானப் பயணிச் சேவைகளுக்குப் பாதுகாப்பு சார்ந்த பராமரிப்பு வேலை செய்யும் வெளிநாட்டுப் பட்டறைத் தொழிலாளருக்குப் போதைப்பொருள், மதுச் சோதனை வேண்டும் என்று அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி வெளியிட்டு, 2027 டிசம்பர்வரை கெடு கொடுத்தது. குடித்துவிட்டு ரிவெட்டு அடிக்க எவரும் உரிமை கேட்கவில்லை. ஆனால் நம் நாட்டுத் தொழிலாளியை எந்தச் சட்டத்தின்கீழ், எவர் சோதிப்பது, தவறான முடிவு வந்தால் எங்கே முறையிடுவது? இதையெல்லாம் நம் அரசு பேசித் தீர்க்க வேண்டும். தீர்க்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தோழர்களே! நாமக்கல் ஓட்டுநர் இரவெல்லாம் விழித்து ஓட்டும்போது, பாடி கட்டியவனையும் பிரேக் பார்த்தவனையும் நம்பித்தான் மிதியில் கால் வைக்கிறார். முப்பதாயிரம் அடி உயரத்தில், முன்பின் அறியாத ஒரு குழந்தை தாயின் மடியில் உறங்கும்போது, அதுவும் நம் ஊர்ப் பிள்ளையின் கையொப்பத்தை நம்பித்தான் உறங்கப் போகிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களாக நம் பிள்ளைகளை ஆக்குவோம். ஆக்கிய பிறகு, அந்தக் கையொப்பத்தை எல்லையிலே நிறுத்தி வைக்க எவனுக்கும் உரிமையில்லை என்று உரத்த குரலிலே கேட்போம். முதற்பணியை முடிக்காமல் இரண்டாவதைக் கேட்டால் உலகம் நகைக்கும். முடித்துவிட்டுக் கேட்டால், மறுக்க அதற்கு வாயிராது.